ஒரு முறை நிராகரித்துவிட்டார்கள், மறுபடி விண்ணப்பிக்கலாமா?

பெங்களூரில் பிஎச்டியை முடிக்கப்போகும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் நிறுவனமும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அவற்றை விட்டுவிட்டேன். ஆய்வு விவரங்களிலும் ஒன்றிரண்டை மாற்றியிருக்கிறேன். கடிதத்தின் சாரம் இதுதான்.

வயது 30. சொந்த ஊர் தர்மபுரி பக்கம். அப்பா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். கணவருக்கு ஒயிட்ஃபீல்டில் ஐடி வேலை. வடக்கு பெங்களூரில் உள்ள ஓர் ஆய்வு நிறுவனத்தில், மருத்துவமனைக் கழிவுநீரில் வாழும் பாக்டீரியாக்களுக்கு ஆன்டிபயாடிக் எதிர்ப்பு எப்படிப் பரவுகிறது என்று ஆராய்கிறார். தீசிஸை இன்னும் மூன்று மாதத்தில் சமர்ப்பிக்க வேண்டும். முதல் ஆசிரியராக ஒரு பேப்பர் வந்திருக்கிறது, இன்னொன்று ப்ரீபிரிண்டாக, அதாவது ஜர்னலில் வருமுன் இணையத்தில் பொதுவில் போட்ட வரைவாக, இருக்கிறது. நான்காம் ஆண்டில் அம்மாவுக்குக் கிட்வாய் மருத்துவமனையில் புற்றுநோய் சிகிச்சை நடந்ததால் எட்டு மாதம் லேப் பக்கம் போகவே முடியவில்லை.

சென்ற ஆண்டு, பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வுக்கு நிதி தரும் ஒரு போஸ்ட்டாக் ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பித்தார், முதல் சுற்றிலேயே நிராகரித்துவிட்டார்கள். “பெரிய ஜர்னலில் பேப்பர் இல்லாத எனக்கு இதற்கெல்லாம் தகுதி இருக்கிறதா? ஒரு முறை நிராகரித்தவர்கள் மறுபடி பார்ப்பார்களா? அந்த எட்டு மாதத்தை மறைப்பதா, சொல்வதா? கைடு ரெகமென்டேஷன் லெட்டரை என்னையே எழுதிவரச் சொல்கிறார். அவருடைய பிராஜெக்ட்டிலேயே ரிசர்ச் அசோசியேட்டாக இருந்துவிடச் சொல்கிறார். ப்ரொபோசல் எழுதித் தருகிற ஒரு கன்சல்டன்சி 40,000 ரூபாய் கேட்கிறது. அப்பாவோ, எப்போது நிரந்தர வேலை என்று ஒவ்வொரு போனிலும் கேட்கிறார். எனக்கு எதுவும் புரியவில்லை” என்று முடித்திருக்கிறார்.

இனி நேராக உங்களிடமே பேசுகிறேன்.

நீங்கள் விண்ணப்பித்த விதத்தையும் கடிதத்தில் விவரமாக எழுதியிருந்தீர்கள். அறிவிப்பு கண்ணில் பட்டபோது கடைசித் தேதிக்கு மூன்று வாரம்தான் இருந்தது. தன் லேபில் இடம் தரக்கூடிய ‘ஹோஸ்ட்’ விஞ்ஞானி ஒருவருக்கு மெயில் போட்டு ஒப்புதல் கடிதம் வாங்கினீர்கள். இரவெல்லாம் உட்கார்ந்து ப்ரொபோசல் எழுதினீர்கள். அவர் கையெழுத்துப் போட்டுத் தந்தாரே தவிர, நீங்கள் எழுதியதைப் படிக்கவில்லை. ஆனால் நிராகரிப்புக்குக் காரணம் பேப்பர் போதாததுதான் என்று முடிவு செய்துவிட்டீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

நெட் தேர்வுக்குத் தயாரானது போலவே இதற்கும் தயாராகியிருக்கிறீர்கள். அங்கே கட்-ஆஃப் உண்டு. அதைத் தாண்டினால் உள்ளே, இல்லையென்றால் வெளியே. பள்ளியிலிருந்து நாம் பழகிவந்ததெல்லாம் அந்த முறைதான், அதனால் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஃபெலோஷிப் குழுவில் உட்காருகிறவர்கள் மதிப்பெண் கூட்டிப் பட்டியல் போடுவதோடு நிற்பதில்லை. இவருடைய கேள்வி என்ன, அந்தக் கேள்விக்கு இவர் ஏன் பொருத்தமானவர், இந்த லேபில் போய்ச் செய்ய வேண்டிய அவசியம் என்ன என்று மூன்றையும் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். மூன்று வாரத்தில் இந்த மூன்றுக்கும் பதில் தயாராகாது. ஆறேழு மாதமாவது பிடிக்கும்.

பேப்பர் விஷயம்

நேச்சர், செல், சயின்ஸில் பேப்பர் இருந்தால் உதவும், மறுக்கவில்லை. அது இல்லையென்றால் கதவே திறக்காது என்பது தவறு. ஜர்னலின் இம்பாக்ட் ஃபேக்டரை (அதில் வரும் பேப்பர்களைச் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டுகிறார்கள் என்ற எண்ணை) வைத்து ஆளை எடை போடக் கூடாது என்று சொல்லும் ‘டோரா’ பிரகடனம் 2012-ல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த ஒரு கூட்டத்திலிருந்து பிறந்தது. பல நிதி அமைப்புகள் அதில் கையெழுத்திட்டிருக்கின்றன. உயிரியல், மருத்துவ ஆய்வுக்கு இங்கே நிதி தரும் இந்தியா அலையன்ஸும் அவற்றில் ஒன்று. கையெழுத்துப் போட்டதாலேயே ஒவ்வொரு தேர்வாளரின் மனமும் மாறிவிட்டது என்று சொல்ல வரவில்லை. ஆனால் உங்கள் முதல் ஆசிரியர் பேப்பரில் எது உங்கள் யோசனை, எந்தப் பரிசோதனையை நீங்கள் வடிவமைத்தீர்கள் என்று இரண்டு வரியில் சொன்னால், ஜர்னல் பெயரைத் தாண்டிப் பார்க்க அவர்களுக்கு ஒரு காரணம் கிடைக்கும். ப்ரீபிரிண்டையும் கட்டாயம் பட்டியலில் சேருங்கள்.

நிராகரிப்பு உங்கள் பெயரில் ஒரு கறையாக ஒட்டிக்கொள்ளாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி போஸ்ட்டாக் ஃபெலோஷிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024 அழைப்பில் 10,360 விண்ணப்பங்கள் வந்தன, கிடைத்தது 1,696 பேருக்கு. அடுத்த ஆண்டு விண்ணப்பங்கள் 17,058 ஆகிவிட்டன. திறமையானவர்களில் பெரும்பாலோருக்கும் ‘இல்லை’ என்ற பதில்தான் போகிறது. கேட்க வேண்டியது ஒன்றுதான்: அந்தத் திட்டத்தில் மறுவிண்ணப்பத்துக்கு விதி என்ன? மேரி கியூரியில் மதிப்பெண் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால், அதே நிறுவனத்தை வைத்து அடுத்த ஆண்டே விண்ணப்பிக்க முடியாது. ஒருவர் எத்தனை முறை விண்ணப்பிக்கலாம் என்றே வரம்பு வைக்கும் திட்டங்களும் உண்டு. அதனால்தான் அரைகுறையாக எழுதி, ‘சும்மா போட்டுப் பார்ப்போம்’ என்று அனுப்ப வேண்டாம் என்கிறேன்.

உங்கள் முதல் பத்தியைப் பார்ப்போம்

நீங்கள் இணைத்திருந்த ப்ரொபோசல் சுருக்கம் இப்படித் தொடங்குகிறது: ஆன்டிபயாடிக் எதிர்ப்பு உலகுக்குப் பெரும் அச்சுறுத்தல், அதனால் 2019-ல் மட்டும் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்தார்கள், எனவே பெங்களூரின் மருத்துவமனைக் கழிவுநீர் மாதிரிகளைச் சேகரித்து, ஜீனோம் சீக்வென்சிங் செய்து, எதிர்ப்பு மரபணுக்களைப் பட்டியலிடுவேன்.

தகவலில் பிழையில்லை. 2022 தொடக்கத்தில் லான்செட் மருத்துவ இதழில் அந்த எண் வெளிவந்ததிலிருந்து, இந்தத் துறையில் வரும் விண்ணப்பங்களில் பாதிக்கு மேல் அதைக் கொண்டுதான் தொடங்குகின்றன என்று தோன்றும் அளவுக்கு அதைப் பார்த்துவிட்டேன். படிப்பவரின் கண் அந்த வரியைத் தாண்டிப் போய்விடும். அடுத்த வரியில் உங்கள் கேள்வி இருந்திருந்தால் அங்கே நின்றிருக்கும். அங்கே இருந்ததோ வேலைப் பட்டியல்.

ஆனால் கடிதத்தின் நடுவில், ஃபெலோஷிப்பைப் பற்றியே பேசாத ஓர் இடத்தில், போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். கார்பாபெனெம் என்ற ஆன்டிபயாடிக்கே கலக்காத வளர்ப்புத் தட்டில் பல தலைமுறை வளர்த்த பிறகும், உங்கள் கிளெப்சியெல்லா பாக்டீரியா எதிர்ப்பு பிளாஸ்மிடை (எதிர்ப்பு மரபணுவைச் சுமக்கும், குரோமோசோமுக்கு வெளியே உள்ள சிறு டிஎன்ஏவை) இழக்கவில்லை, கைடு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று. எனக்கு அந்த இடத்தில்தான் உங்கள் ப்ரொபோசல் தெரிந்தது. பிளாஸ்மிடைச் சுமப்பது பாக்டீரியாவுக்குச் செலவு. மருந்து இல்லாதபோது அதைக் கைவிடுவது லாபம். அப்படியும் கைவிடவில்லை என்றால், குரோமோசோமில் ஏதோ ஒரு மாற்றம் அந்தச் செலவை ஈடுகட்டியிருக்கலாம். அல்லது தலைமுறை மாறும்போது பிளாஸ்மிட் தொலையாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு பிளாஸ்மிடிலேயே இருக்கலாம். எது என்று எப்படிப் பிரித்தறிவீர்கள்?

அப்படியானால் முதல் பத்தி இப்படி வரலாம்: “ஆன்டிபயாடிக் பயன்பாட்டைக் குறைத்தால் எதிர்ப்பும் குறையும் என்று எதிர்பார்க்கிறோம். மருத்துவமனைக் கழிவுநீரிலிருந்து நான் பிரித்தெடுத்த கிளெப்சியெல்லா அப்படி நடந்துகொள்ளவில்லை. மருந்து இல்லாமலும் எதிர்ப்பு பிளாஸ்மிட் நிலைத்து நிற்பது எதனால் என்பதே இந்த ஆய்வின் கேள்வி. பிளாஸ்மிடின் செலவை ஈடுகட்டும் மரபணு மாற்றம் காரணமா, பிளாஸ்மிடே தன்னைக் காத்துக்கொள்கிறதா என்று பரிணாமப் பரிசோதனைகள் மூலம் கண்டறிவேன்.” இதைப் படிப்பவருக்கு அடுத்த பக்கத்தைப் புரட்டத் தோன்றும். எந்த லேபுக்குப் போக வேண்டும் என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் கிடைத்துவிடுகிறது. பாக்டீரியாவைப் பல தலைமுறை வளர்த்து மாற்றங்களைக் கவனிக்கும் பரிணாமப் பரிசோதனை செய்து பழகியவர்களிடம் போக வேண்டும்.

40,000 ரூபாய் கேட்கும் கன்சல்டன்சியால் இந்த வரியை எழுத முடியாது, ஏனென்றால் அந்தத் தட்டைப் பார்த்தவர் நீங்கள் மட்டும்தான். அவர்கள் பக்கம் போகவே வேண்டாம். பிறர் எழுதியதை உங்களுடையது என்று கையெழுத்திட்டு அனுப்புவது தவறு. இன்டர்வியூவில் இரண்டாவது கேள்வியிலேயே அது வெளிப்பட்டுவிடும். இன்னும் வெளியிடாத உங்கள் தரவு யார் யார் கைக்குப் போகும் என்பதும் தெரியாது. ஆங்கில நடையைச் சரிபார்க்க ஒரு நண்பரிடம் காட்டுவது வேறு, அதைத் தாராளமாகச் செய்யுங்கள். ஏஐ கருவிகளைப் பயன்படுத்தினால், அந்த நிதி அமைப்பு அதைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, குறிப்பிடச் சொன்னால் குறிப்பிடுங்கள்.

ஹோஸ்டுக்கு எழுதும் மெயில்

‘ரெஸ்பெக்டட் சார், உங்கள் எஸ்டீம்டு லேபில் சேர மிகுந்த ஆர்வமாக இருக்கிறேன்’ என்று தொடங்கும் மெயில்கள் அவர்களுக்கு நாள்தோறும் வருகின்றன. அவருடைய எந்தப் பேப்பர், அதில் எந்த முடிவு உங்கள் தட்டில் கண்டதோடு ஒட்டுகிறது அல்லது முரண்படுகிறது என்று முதல் இரண்டு வரியிலேயே சொல்லிவிடுங்கள். எந்த ஃபெலோஷிப், கடைசித் தேதி எப்போது, அவரிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று அடுத்து இரண்டு வரி. ஒரு பக்கச் சுருக்கத்தையும் சிவியையும் இணையுங்கள். பத்து நாளில் பதில் வராவிட்டால் ஒரு முறை நினைவூட்டலாம், அதில் தப்பில்லை.

ஒரே சமயத்தில் இரண்டு பேருக்கு எழுதுவது மரியாதைக் குறைவா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. ஆனால் ஒருவர் சரி என்று சொல்லி, நேரம் ஒதுக்கி உங்கள் வரைவைத் திருத்தத் தொடங்கிவிட்டால், அதே ஃபெலோஷிப்புக்கு வேறொருவரோடு பேசிக்கொண்டிருக்கக் கூடாது. வேறு ஃபெலோஷிப்புக்கு வேறு ஹோஸ்ட் என்றால் அதை இருவரிடமும் சொல்லிவிடுங்கள். இந்தத் துறையில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

எதற்கெல்லாம் விண்ணப்பிக்கலாம்

ஒவ்வொரு அறிவிப்பிலும் விதி மாறலாம், ஆகவே விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பையே கடைசி வார்த்தையாக எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் நிலையில் நான் இப்படிப் பார்ப்பேன்.

இந்தியாவிலேயே இருப்பதென்றால் முதலில் நேஷனல் போஸ்ட்டாக்டோரல் ஃபெலோஷிப். முன்பு மத்திய அரசின் ஆய்வு நிதி அமைப்பான எஸ்இஆர்பி நடத்தியது, இப்போது அதன் இடத்துக்கு வந்த ஏஎன்ஆர்எஃப் பொறுப்பில் இருக்கிறது. இரண்டு ஆண்டு. தீசிஸ் சமர்ப்பித்துவிட்டுப் பட்டத்துக்குக் காத்திருப்பவர்களும் விண்ணப்பிக்க இடம் தந்துவந்திருக்கிறார்கள். வயது வரம்பு 35, பெண்களுக்கு ஐந்து ஆண்டு தளர்வு உண்டு. இந்தியா அலையன்ஸின் ஆரம்ப நிலை ஃபெலோஷிப் ஐந்து ஆண்டு, போட்டி கடுமை, சுற்றுகளும் அதிகம். பிஎச்டியின் கடைசி ஆண்டில் இருப்பவர்களையும் ஏற்றுவந்திருக்கிறார்கள். நான் சொன்ன அந்தப் பிளாஸ்மிட் கேள்வி நன்றாக முதிர்ந்தால் அதற்குப் போடலாம். மத்திய அரசின் இன்ஸ்பயர் ஃபேகல்டி ஃபெலோஷிப்பில் பொது வயது வரம்பு 32 என்பதால் அதைத் தள்ளிப்போட முடியாது. உங்களுக்குத் தளர்வு பொருந்துமா என்று இப்போதே பாருங்கள். ராமானுஜன், ராமலிங்கசாமி ஃபெலோஷிப்புகளை உங்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். அவை வெளிநாட்டிலிருந்து திரும்பி வருகிறவர்களுக்கானவை.

வெளிநாடு என்றால் கடிகாரம் ஓடத் தொடங்குவது பிஎச்டி பட்டத் தேதியிலிருந்துதான். ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் அமைப்பான எம்போவின் ஃபெலோஷிப்புக்குப் பட்டம் பெற்று இரண்டு ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இந்தியா 2016 முதல் அதன் இணை உறுப்பு நாடு என்பதால் இங்கிருந்து அங்கே போக வழியிருக்கிறது. மேரி கியூரியில் அவகாசம் அதிகம். ஆனால் போகப்போகும் நாட்டில் கடைசி 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கக் கூடாது. உங்களுக்கு அது பிரச்சினையே இல்லை. இந்திய-அமெரிக்க ஃபுல்பிரைட்-நேரு ஃபெலோஷிப் பற்றித்தான் ஒரு எச்சரிக்கை. அதில் அமெரிக்கா போகிறவர்களுக்கு, முடிந்தபின் இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருந்தாக வேண்டும் என்ற விசா நிபந்தனை உண்டு. அங்கேயே தங்கி அடுத்த வேலைக்குப் போகலாம், கணவரும் எச்1பி வேலை விசாவில் வந்து சேரட்டும் என்று திட்டமிட்டிருந்தால் இதை முன்கூட்டியே உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள்.

எட்டு மாத இடைவெளி

மறைக்காதீர்கள். காரணம் சொல்லாத இடைவெளியைப் படிப்பவர் தன் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொள்வார். “குடும்பத்தில் தீவிர நோய், பராமரிப்புப் பொறுப்பு, எட்டு மாதம்” என்று ஒரே வரி போதும். நோயின் பெயர்கூட வேண்டாம். மன்னிப்புக் கேட்கும் தொனியும் வேண்டாம். பல திட்டங்களில் இடைவெளிக்கென்றே தனிக் கட்டம் இருக்கிறது. ஆய்வு அனுபவ ஆண்டுகளைக் கணக்கிடும்போது அதைக் கழித்துக்கொள்கிறவர்களும் உண்டு. நீங்கள் மறைத்தால் உங்களுக்குச் சேர வேண்டிய அந்தச் சலுகை போய்விடும். உங்கள் அம்மா இப்போது நலம் என்று எழுதியிருந்தீர்கள், அதைப் படித்ததில் எனக்கு மிகுந்த நிம்மதி.

கைடிடம் பேச வேண்டியவை

லெட்டரை நீங்களே எழுதிவரச் சொல்வது நம் ஊரில் சகஜமாகிவிட்டது. அதற்காக அதைச் சரி என்று சொல்ல மாட்டேன். உங்கள் ப்ரொபோசலும் அவர் லெட்டரும் ஒரே நடையில் இருந்தால் குழுவுக்குத் தெரிந்துவிடும். தவிர, உங்களைப் பற்றி நீங்களே எழுதும்போது ‘சின்சியர், ஹார்ட் ஒர்க்கிங்’ என்பதைத் தாண்டிக் கை ஓடாது. அவரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “சார், லெட்டரா எழுதறதுக்குப் பதிலா உங்களுக்குத் தேவையான குறிப்பை ஒரு பக்கம் தர்றேன், நீங்க அதை வெச்சு எழுதினா நல்லா இருக்கும்.” அந்தக் குறிப்பில் நடந்த சம்பவங்களை எழுதுங்கள். மூன்றாம் ஆண்டில் கண்ட்ரோல் தட்டில் கலப்படம் இருப்பதைக் கண்டுபிடித்து இரண்டு மாத வேலையை மறுபடி செய்தது, புதிதாக வந்த மாணவருக்கு சீக்வென்சிங் தரவை அலசக் கற்றுக்கொடுத்தது என்று நீங்கள் சொன்னவையே போதும். கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது கொஞ்சம் சங்கடமான பேச்சு, ஆனால் தவிர்க்க முடியாது. பிளாஸ்மிட் கேள்வியை நீங்கள் கொண்டுபோகலாமா? அந்த லேபில் திரட்டிய தரவும் பாக்டீரியா ஸ்ட்ரெயின்களும் பொதுவாக நிறுவனத்தின் பொறுப்பில் உள்ளவை. ஸ்ட்ரெயின்களை வேறு லேபுக்கு எடுத்துப்போக முறைப்படி பொருள் பரிமாற்ற ஒப்பந்தம் வேண்டும். எந்தப் பகுதியை அவர் தொடரப்போகிறார், எதை நீங்கள் தனியாகச் செய்யலாம் என்று நேரில் பேசுங்கள். பேசி முடித்த அன்றே, “இன்று பேசியதன்படி” என்று தொடங்கி மரியாதையாக ஒரு மெயில் போட்டுவையுங்கள். பின்னால் மனஸ்தாபம் வராமல் இருக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. இந்த உரையாடலுக்குப் பிறகுதான் ஹோஸ்டுகளுக்கு எழுத வேண்டும்.

ரிசர்ச் அசோசியேட் வேலையை நான் எதிர்க்கவில்லை. 2023 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி முதல் நிலை ரிசர்ச் அசோசியேட்டுக்கு மாதம் 58,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் உண்டு, இப்போது எஸ்ஆர்எஃப்பாக (சீனியர் ரிசர்ச் ஃபெலோவாக) நீங்கள் வாங்கும் 42,000-ஐவிட அது மேல். அப்பாவிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். நிரந்தர வேலைக்குப் போகிற வழி போஸ்ட்டாக்கைத் தாண்டித்தான் போகிறது என்பதையும் சொல்லுங்கள். ஆசிரியராக இருந்தவர், பொறுமையாக விளக்கினால் கேட்பார். ஆனால் கைடிடம், “தீசிஸ் முடிந்து ஓர் ஆண்டு வரை” என்று தொடக்கத்திலேயே எல்லை வகுத்துக்கொண்டு சேருங்கள். ப்ரீபிரிண்டைப் பேப்பராக்குவதும் விண்ணப்பங்கள் எழுதுவதும்தான் அந்த ஆண்டின் வேலை. எல்லையில்லாமல் சேர்ந்தால் பிராஜெக்ட் ரிப்போர்ட், கெமிக்கல் ஆர்டர், ஜூனியர்களின் வேலை என்று மூன்று ஆண்டு ஓடிவிடும், எம்போவின் இரண்டு ஆண்டும் அதற்குள் கைவிட்டுப் போயிருக்கும். இன்னொன்று, மத்திய அரசின் ஃபெலோஷிப் பணம் சில சமயம் மாதக்கணக்கில் தாமதமாக வரும். நான்கைந்து மாதச் செலவுக்குக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தீசிஸை முடியுங்கள். அதற்கிடையில் கைடோடு அந்த ஒரு பேச்சு, ஒரு பக்கச் சுருக்கம், ஹோஸ்டுகளுக்கு இரண்டு மூன்று மெயில், இவ்வளவு போதும். சென்ற ஆண்டு நிராகரித்தபோது மதிப்பீட்டாளர்களின் கருத்துரை ஏதும் வந்ததா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. வந்திருந்தால் புது வரைவு எழுதும் முன் அதை எடுத்துப் படியுங்கள். வரவில்லையென்றால் தருவார்களா என்று கேட்டு ஒரு மெயில் போடுங்கள். அதில் புரியாத இடம் இருந்தால் பெயர்களை அழித்துவிட்டு எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.